இருபத்தைந்து இருபத்தைந்தாக

எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று தலையில் ஒரு சின்னக் கட்டம், அதைத் தொட்டால் எல்லாம் நீலமாகிறது, எல்லாம் என்றால் இருபத்தைந்து. முந்நூற்றுப் பதினெட்டுப் பாடம் இருக்கிறது, இந்தச் சனியனுக்கு எல்லாம் என்றால் இருபத்தைந்துதான். கண் முன்னால் நிற்பது மட்டும்தான் இதற்கு உலகம். கீழே இழுத்தால் அடுத்த இருபத்தைந்து வருகிறது, வெள்ளை வெளேரென்று, ஒன்றும் நடக்காத மாதிரி. முப்பத்தோரு வருஷம் பெண்களுக்குத் தாவரவியல் நடத்தினேன், முடிச்சிட்டேன் மேடம் என்று வந்து நிற்கிறவளின் நோட்டைப் புரட்டினால் முதல் இரண்டு பக்கம் மட்டும் எழுதியிருக்கும், அவள் முகம்தான் இந்தக் கட்டத்துக்கு. மணி இரண்டு இருபது. காபியில் ஏடு படிந்து சுருங்கிக் கிடக்கிறது, கிழவியின் கழுத்துத் தோல் மாதிரி, என் கழுத்து மாதிரி. குடிக்கவும் அருவருப்பாக இருக்கிறது, எழுந்து போய்க் கொட்டவும் சலிப்பாக இருக்கிறது. நாலு மணிக்குப் பட்டியல் தானாகப் போய்விடும் என்று எங்கள் வட்டத்துப் பியூலா சொல்லியிருக்கிறாள். தானாக. எல்லாம் தானாகப் போகும், நான் செய்யவேண்டியது மட்டும் தானாகப் போகாது. காலையில் அவள் பேசினதை இன்னும் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன், காதுக்குள் போன தண்ணீர் மாதிரி, தலையைச் சாய்த்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது. "மங்களவல்லி மேடம் பேர்ல இந்தப் படிப்பு வருஷத்துல ஏறின எல்லாப் பாடத்துலயும் 'சரிபார்த்தது' டேகை எடுத்துட்டு 'மறுபதிவு' போட்டுருங்க மேடம். சாயந்திரமே காலேஜ் பிள்ளைங்க திரும்ப வாசிச்சுப் பதிய ஆரம்பிச்சிருவாங்க. பரீச்சைக்கு இன்னும் பத்தொம்பது நாள்தான் கிடக்கு." முந்நூற்றுப் பதினெட்டையுமா என்றேன். "மொத்தமா மாத்திரலாம் மேடம், ரெண்டு நிமிஷ வேல." பிறகு கொஞ்சம் தயங்கி, "அவங்கட்ட நீங்க பேசிட்டீங்கல்லா?" என்றாள். நான் ம் என்றேன். ஆமாம் என்று சொல்லவில்லை. வாயைத் திறக்காமலே பொய் சொல்ல ஓர் எழுத்தைத் தமிழில் வைத்திருக்கிறார்கள், அதற்கு மாத்திரை அரைதான், ஆகையால் பாவமும் அரைதான் என்று அப்போது தோன்றியது, ஐந்து நாளாக இப்படித்தான் எனக்கு ஏதாவது தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஐந்து நாளுக்கு முன்னால் கமிட்டியில் நான்தானே கையைத் தூக்கினேன், மங்களவல்லியிடம் இதை நான் சொல்லுகிறேன், நீங்கள் யாரும் சொல்லவேண்டாம் என்று. நாற்பது வருஷத் தோழி என்ற பெருமை. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிற வட்டம் எங்களுடையது, பாளையங்கோட்டையில் பன்னிரண்டு பேர், பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதிப்பேர் பியூலா மாதிரி வேலைக்கும் போய்க்கொண்டு இதையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள். முன்னெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷமாக இந்த மென்பொருள். ஒவ்வொரு பாடமும் ஒரு வரி, வரியின் வாலில் டேகுகள், பச்சை, மஞ்சள், ரோஸ், தோலில் கிளம்பின தடிப்புகள் மாதிரி, எந்த வகுப்பு, எந்தப் பாடம், யார் வாசித்தது, எந்தப் பிள்ளைக்காக, சரிபார்த்தாயிற்றா. வாசிப்பவள் மங்களவல்லி. சரித்திரம் நடத்தினவள், கல்லூரி விழாக்களில் மைக்கைப் பிடித்தால் மரத்தடியில் நிற்கிற டிரைவர்கள்கூடப் பேச்சை நிறுத்துவார்கள். வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்கி வைப்பாள், தூங்கிப்போன பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி, சத்தமில்லாமல். சரிபார்ப்பவள் நான். கேட்டுப்பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, சரியென்றால் பச்சை. அவ்வளவுதான் என் வேலை. அவ்வளவைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் இந்தத் திரையில் முந்நூற்றுப் பதினெட்டு வரியாக நீண்டு கிடக்கிறது, பச்சைப் பசேலென்று, பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி, ஒரு பிள்ளை அதில் வழுக்கியும் விழுந்தாயிற்று. இசக்கியம்மாள், நாங்குநேரிப் பக்கம், பி.ஏ. சரித்திரம். பியூலாவுக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். "அந்தப் பத்திய மேடம் மூணு தடவ வாசிச்சாங்க. அப்ப அது முக்கியம் போலன்னு நான் மனப்பாடம் பண்ணிட்டேன். அடுத்த ரெண்டு பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது மேடம். கேள்வி அதுலதான் வந்துச்சு." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம். நாங்கள் மூன்று தடவை சொன்னால் முக்கியம் என்று எடுத்துக்கொள்கிற பிள்ளை, நாங்கள் எதைச் சொன்னாலும் எடுத்துக்கொள்கிற பிள்ளை. அந்தப் பாடத்தின் வாலிலும் பச்சை இருந்தது.

சரி, முதல் இருபத்தைந்து. நீலமாகிவிட்டது. மேலே ஒரு பட்டை இறங்குகிறது, டேகுகளை மாற்று. 'மறுபதிவு' என்று அடிக்கிறேன், ம வந்து நிற்கிறது, று வர மாட்டேன் என்கிறது, விசைப்பலகையில் என்றைக்கோ சிந்தின காராபூந்தித் தூள், நகம் வைத்தால் எண்ணெயாக வருகிறது, சீ. அடித்தாயிற்று. சரி என்று தொட்டேன். உடனே திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் தூவுகின்றன. கல்யாண மண்டபத்தில் தூவுகிற மாதிரி, சிவப்பும் மஞ்சளும், நடுவில் அருமை என்று ஒரு வார்த்தை குதிக்கிறது. எந்தப் பயல் இதை யோசித்தானோ, யாருடைய வேலையைப் பறிக்கிறோம் என்று தெரியாமல் எல்லாச் சாவுக்கும் சாமரம் வீசுகிற மாதிரி ஒரு சந்தோஷத்தைச் செய்து வைத்திருக்கிறான். காகிதம் அடங்கினபிறகு பார்த்தால் இருபத்தைந்து வரிகளும் மொட்டையாக நிற்கின்றன. வகுப்பு இல்லை, பாடம் இல்லை, எந்தப் பிள்ளைக்கு என்று இல்லை, 'மங்களவல்லி' இல்லை. 'மறுபதிவு' மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கிறது. சேர்ப்பதற்கு ஒரு பொத்தான், அழித்துவிட்டு வைப்பதற்கு ஒரு பொத்தான், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது தானாக அழிப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறது. கீழே ஓரத்தில் கறுப்பாக ஏதோ நீண்டது, மீட்க வேண்டுமா என்று கேட்கிறதாம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் பல்லி மாதிரி ஓடிவிட்டது. மன்னிப்புக் கேட்க ஐந்து நொடி. ஐந்து நாள் கொடுத்தும் நான் என்ன கிழித்தேன்.

கல்லூரியில் உலர்தாவர அறை என் பொறுப்பில் இருந்தது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, மூலையில் பெயர்ச்சீட்டு ஒட்டுவோம், யார் பறித்தது, எங்கே, என்றைக்கு, என்ன செடி. பிறகு ஒருத்தர் வந்து, இது அந்தச் செடி இல்லை, வேறு என்று சொன்னால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் புதுச்சீட்டை ஒட்டவேண்டும், திருத்தினவர் பெயரும் தேதியும் போட்டு. தப்பும் அங்கேயே இருக்கும், தப்பைச் செய்தவர் பெயரும் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே சரியும் இருக்கும். ஒரே கொளுஞ்சிச் செடிக்கு நாலு சீட்டு ஒட்டின தாளை நான் பார்த்திருக்கிறேன், அறுபது வருஷத்து ஆட்கள் ஒரு தாளில் உட்கார்ந்து மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மரியாதை இங்கே இல்லை. இங்கே இருந்தது இல்லாமல் போகும்போது இருந்ததற்கு அடையாளம்கூட இல்லை, இருபத்தைந்து பாடங்களை யார் வாசித்தார்கள் என்று இனிமேல் யாருக்கும் தெரியாது, ஒரு மனுஷி வேனல் மதியங்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சத்தம் பதிவாகிவிடும் என்று நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசித்தது. பச்சை போடுவதும் இப்படித்தான் மொத்தமாக நடந்தது என்பதை நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு பொத்தான், சுலபமாக இருந்தது. ஜூன் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஜூன் கடைசியில் ஒரு பாடத்தில் ஒரு வரி இரண்டு முறை வந்தது. களைப்பு என்று நினைத்தேன். அடுத்ததில் ஒரு பத்தி. அதற்கடுத்ததில் ஒரு பக்கத்தையே காணோம், ஆனால் குரல் மட்டும் அதே குரல், அதே இறக்கம், ஒரு தடுமாற்றம் கிடையாது, மறந்ததுகூடத் தெரியாமல் அழகாகத் தாண்டிப் போகிறது. அன்றைக்குக் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தவள்தான். ஜூலையிலிருந்து கேட்கவில்லை. அவளுக்கு வந்திருப்பது என்னவென்று எனக்குப் பெயர் தெரியும், என் அம்மாவுக்கும் அதுதான், பெயரைச் சொல்லக் கூடாது என்று காதை மூடிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் பச்சை. அப்போதும் காகிதம் தூவியது. அருமை என்றது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்த பக்கம், இந்த முறை சேர்க்கிற பொத்தான், கவனமாக, என்று கையைக் கொண்டுபோகும்போதுதான் கண்ணில் பட்டது, வலது மூலையில் எறும்பு மாதிரி எழுத்தில், இருபத்தைந்து அறிவிப்புகள் அனுப்பப்பட்டன, பதிவேற்றியவருக்கு. பதிவேற்றியவர் யார், அவள்தான். இருபத்தைந்தும் அவள் போனுக்குப் போயிருக்கிறது. உங்கள் பாடம் மறுபதிவு என்று குறிக்கப்பட்டுள்ளது, உங்கள் பாடம் மறுபதிவு என்று, உங்கள் பாடம், இருபத்தைந்து தடவை. பியூலாவைக் கூப்பிட்டேன். பின்னால் ஆபீஸ் சத்தம். "மொத்தமா மாத்தினா அறிவிப்பு போகத்தான் செய்யும் மேடம். ஒவ்வொண்ணா திறந்து மாத்தினா, தெரிவிக்க வேண்டாம்னு ஒரு கட்டம் வரும், அத டிக் பண்ணணும்." ஒவ்வொன்றாகவா, இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றையா, என்றேன். "ஏன் மேடம், போனா போயிட்டுப் போகட்டுமே. அவங்களுக்குத்தான் தெரியும்லா?" தெரியும் என்றேன். இந்த முறை முழு வார்த்தை. "அப்புறம் என்ன மேடம், நீங்க வேற," என்று சிரித்தாள். நல்ல பிள்ளை. அவளிடத்தில் ஒரு தப்பும் இல்லை, என்னிடமிருந்து அவளுக்குப் போன வார்த்தைதான் கெட்டுப்போன பால் மாதிரி திரிந்து கிடந்தது. மணி இரண்டு ஐம்பது. மங்களவல்லி சாப்பிட்டுவிட்டு மூன்றரை வரைக்கும் படுப்பாள். போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கும். அல்லது தலைமாட்டில். தலைமாட்டில் இருந்தால் இருபத்தைந்து தடவை அடித்திருக்கும். கண்ணைத் திறக்காமல் கை நீட்டி எடுத்து, தூரத்தில் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படிப்பாள். நாற்பது நிமிஷம் இருக்கிறது. ஒன்றை மாற்ற ஒன்றரை நிமிஷம். கணக்கே போடவேண்டாம், ஆகாது, ஆகாது என்று தெரிந்தும் முதல் வரியைத் திறந்தேன், ஆகாத வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது ஆகவேண்டிய வேலையைச் செய்யாமலிருக்கலாம் அல்லவா, என் வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

பதினோராம் வகுப்பு, சரித்திரம், ஏரிப் பாசனம். தெரிவிக்க வேண்டாம் என்கிற கட்டம் எங்கேயோ கீழே ஒளிந்திருக்கிறது, தேடும்போது விரல் எதிலோ பட்டுவிட்டது, அவள் குரல் அறைக்குள் வந்துவிட்டது. நிறுத்தவேண்டும் என்று தேடுகிறேன், நிறுத்துகிற இடம் தெரியவில்லை. மடைகளைத் திறந்துவிடும் உரிமை யாருக்கு இருந்தது என்று வாசிக்கிறாள், மழைக்காலத்துக்கு முன்னால் கரையை எப்படிப் பலப்படுத்தினார்கள் என்று வாசிக்கிறாள், ஏழு மாதமாக நான் கேட்காத குரல், நேரில் தினமும் பேசுகிற குரல்தான், ஆனால் இது வாசிக்கிற குரல், இதற்குத் தனி நடை, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற நடை. நிறுத்தத் தேடின விரலை எடுத்துவிட்டேன். கேட்டேன். மடைகளைத் திறந்துவிடும் உரிமை என்று மறுபடியும் ஆரம்பித்தாள். அதே புதுசோடு. இரண்டாவது தடவை என்று குரலுக்குத் தெரியவே இல்லை. கரையைப் பலப்படுத்தி முடித்துவிட்டு ஒரு நிறுத்தம். தாள் புரளும் சத்தம், திரும்பவும் புரளும் சத்தம். பிறகு வாசிக்கிற குரல் இல்லை, பேசுகிற குரல், தாழ்ந்து, வாயை மைக்கிடம் கொண்டுவந்து, "எப்சி, இத வாசிச்சிட்டனோ? ஒருமாதிரியா இருக்குட்டி. நீ கேட்டுப் பாத்துச் சொல்லு என்ன." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மடைகளைத் திறந்துவிடும் உரிமை.

எப்சி என்றால் எப்சிபா, நான். ஆகஸ்ட் மாதப் பதிவு அது. ஆகஸ்டிலேயே கேட்டிருக்கிறாள். சரிபார்க்கிறவள் கேட்பாள் என்று நம்பி, என் வீட்டுக் கதவைத் தட்டி முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்பட்டு, ஏரிப் பாசனத்துக்கு நடுவில் ஒளித்துவைத்துக் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். இசக்கியம்மாளும் அவள் பாடத்தில் இப்படி ஒன்றைக் கேட்டிருப்பாள், யார் இந்த எப்சி, ஏன் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாள், இல்லை, இதுவும் பாடம் என்று மனப்பாடம்கூடப் பண்ணியிருப்பாள். அடுத்ததைத் திறந்தேன், தள்ளித் தள்ளிக் கேட்கிறேன், ஒன்றுமில்லை, அடுத்தது, இருக்கிறது, "எப்சி, பக்கம் விட்டுப்போச்சோ?" அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில், "சரியாத்தான் போகுதா?" ஒவ்வொன்றின் வாலிலும் என் பச்சை. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லித்தான் இருக்கிறேன். சரி என்று. சரி, சரி, சரி, இருபத்தைந்து இருபத்தைந்தாக. இந்த மென்பொருளைத் திட்டித் திட்டி எவ்வளவு சுகமாக இருந்தேன் இவ்வளவு நேரமும், அந்தக் கட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் உலகமாம், சொல்ல எனக்கு என்ன வெட்கம் வேண்டும். மணி மூன்று பத்து. இன்னும் படுத்திருப்பாள். எழுப்பக் கூடாது. எழுப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்துவிட்டேன்.

ஒரே மணியில் எடுத்தாள். எப்போதும் போல ஸ்பீக்கரில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "சொல்லுட்டி," என்றாள். தூங்கலையா என்றேன். "எங்க தூங்க. போன் கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்துது. யாருக்கோ என்னமோ ஆயிட்டுன்னு பதறிப் போயி எடுத்தேன். எல்லாம் ஒரே வார்த்ததான். நாலஞ்சு படிச்சேன். ஒருவேள படிச்சதையே படிக்கேனோன்னு பாடத்தோட பேரப் பாத்துப் பாத்துப் படிச்சேன். வேற வேறதான்." மங்களம் என்றேன். "நீ போட்டதா?" ஆமாம் என்றேன். "மொத்தம் எவ்வளவு?" சொன்னேன், நாலு மணிக்குப் பட்டியல் போகும் என்று பியூலா சொன்னதையும். "யப்பா," என்றாள், கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "அப்ப முன்னால பச்ச போட்டது?" இதுதான், இந்தக் கேள்விக்குத்தான் ஐந்து நாளாகப் பயந்து கிடந்தேன், கேட்டுவிட்டுப் போட்டேன் என்றால் அந்தப் பிள்ளைகளை ஏமாற்றினவள், கேட்காமல் போட்டேன் என்றால் இவளை, இரண்டில் எது குறைச்சல் என்று மனசு இந்த நேரத்திலும் தராசு பிடிக்கிறது, சீ. "கேக்கல மங்களம்," என்றேன். "ஜூலையில இருந்து ஒண்ணுகூடக் கேக்கல. ஜூன்ல கேட்டேன், தெரிஞ்சு போச்சு, பெறகு கேக்கப் பயமாயிருந்துது." மறுபக்கம் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை, நிறுத்தி வைத்திருக்கிறாள், பழக்கம். "நான் உன்ட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்," என்றாள் பிறகு. "ஒவ்வொரு தடவையும் நீ பச்ச போட்டிருப்ப. சரி, எப்சி கேட்டுட்டுத்தான போட்டிருக்கா, நமக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிடுவேன். டாக்டர்ட்ட போவணும்னு ராசாத்தி தொணதொணத்தா, வீட்டு வேலக்காரி அவ, அவளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. நான் உன் பச்சயக் காட்டி அவ வாய அடச்சேன்." நான் அழுதால் அவள் ஆறுதல் சொல்லவேண்டி வரும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏழு மாதம். ஆகஸ்டில் போயிருந்தால் மாத்திரை ஏதாவது, கொஞ்சமாவது, அம்மாவுக்குக் கொடுத்தது மாதிரி.

"நாளைக்கு டாக்டர்ட்ட நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். "நீ கூட்டிட்டுப் போயி, அங்கயும் சரின்னு சொல்லிட்டு வருவ," என்றாள். அடி வாங்கின கன்னம் மாதிரிச் சுட்டது, சுடட்டும். "மிச்சத்தப் போடு. நாலு மணிக்குன்னு பியூலா சொன்னா நாலு மணிதான். பிள்ளைங்களுக்குப் பரீச்ச வருதுல்லா." ஒவ்வொன்றாகத் திறந்து சத்தம் வராமல் போடுகிறேன் என்றேன். "ஒளிச்சுப் போடாத, நான் முழிச்சுத்தான் இருக்கேன். மொத்தமாப் போடு." எல்லாவற்றையும் தேர்ந்தெடு. நீலம். சேர்க்கிற பொத்தான், கவனமாக. தொட்டேன். காகிதம் தூவ ஆரம்பித்தது, நான் பார்க்கவில்லை. மறுமுனையில் அவள் போன் அடிக்கிறது, ஸ்பீக்கரில் கேட்கிறது, டிங், டிங், ஒன்றின் மேல் ஒன்று. அது ஓயும்வரை பொறுத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள், வாசிக்கப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. "பதினோராம் வகுப்பு, பாடம் நாலு, மறுபதிவு," என்று வாசித்தாள். அதே குரல், அதே இறக்கம். "பாடம் அஞ்சு, மறுபதிவு. பாடம் ஆறு, மறுபதிவு." நான் ஒவ்வொன்றையும் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தேன், காதைப் போனோடு அழுத்திக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு. "பாடம் ஏழு, மறுபதிவு. பாடம் ஆறு, மறுபதிவு."

"ஆறு வாசிச்சிட்ட மங்களம்," என்றேன்.

நின்றுவிட்டாள்.

"அப்படியா," என்றாள். "எதுல விட்டேன்?"

"ஏழு முடிச்சிட்ட. எட்டு."

"எட்டு," என்று ஆரம்பித்தாள்.